இருபத்தெட்டில் பிறந்தவர்

வயதானவர்களின் வீடு தேடிப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், ஊசி போடுவதும், ரத்த அழுத்தம் பார்ப்பதுமாக எட்டு நர்சுகள் வேலை செய்த அந்த ஆபீசில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று இருந்தது. பட்டியலில் ஒரு பெயர் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்கக் கூடாது.

கேட்டால் என்ன பதில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும்தான் இந்தச் சேவை. அதிலிருந்து ஒரு பெயர் நீங்குவதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? யாருக்கும் வயது குறைந்துவிடப் போவதில்லை. ஆரம்ப காலத்தில் ஒரு நர்ஸ் கவுன்ட்டரில் நின்று கேட்டாள். பதிலைக் கேட்டதும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதவள், அன்றைக்குப் பார்க்க வேண்டிய ஒன்பது வீடுகளில் ஒன்றுக்கும் போகவில்லை. அதன் பிறகு மேனேஜர் வாய்மொழியாகப் போட்ட சட்டம் இது. திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் பட்டியல் கைக்கு வரும். இருக்கிற பெயர்களைப் பார்ப்பார்கள். இல்லாமல் போன பெயரை மனதுக்குள் ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அந்தப் பட்டியலைத் தயாரிப்பவளை எல்லோரும் பட்டியல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட ஏழு வயது மூத்த மேனேஜருக்கும் அவள் அக்காதான். ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருடமாக ஒரே நாற்காலி. அதன் இடது கை உடைந்து மூன்று வருடமாகிறது, வேறு நாற்காலி கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. வீட்டில் முதுகு வலியோடு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் கணவர். பரீட்சை எழுதிவிட்டு முடிவு வருவதற்குள் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிற மகள். காலை ஐந்துக்கு எழுந்தால்தான் ஏழுக்கு நாற்காலியில் இருக்க முடியும். "என்னக்கா, ஒரு மாதிரி இருக்கீங்க" என்று யாராவது கேட்டால் அவளுக்குக் கோபம்கூட வருவதில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய புரோகிராமை மூடப் போகிறோம், எல்லாப் பெயர்களையும் புது எக்செல் ஷீட்டுக்கு மாற்றுங்கள், பதினைந்து நாள் அவகாசம். பழைய புரோகிராம் கிழடுதான், ஆனால் கைக்குப் பழகிய கிழடு. அதில் பிறந்த தேதிக்கு விட்டிருந்த இடம் சின்னது. நாளுக்கு இரண்டு எண், மாதத்துக்கு இரண்டு எண், வருடத்துக்கும் இரண்டே எண். பன்னிரண்டு, நான்கு, இருபத்தெட்டு என்று எழுதினால் யாருக்கும் புரியும். தள்ளாடும் கிழவர்கள் கூட்டத்தில் நின்றுகொண்டு, இருபத்தெட்டு என்றால் எந்த நூற்றாண்டு என்று கேட்பவனை யாராவது மனிதனாக மதிப்பார்களா?

ஷீட் அப்படிக் கேட்கவில்லை என்பதுதான் வினை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அது தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டுச் சும்மா இருந்தது.

பட்டியல் அக்கா ஏனோதானோ என்று வேலை செய்கிற ஆளில்லை. பல வருடங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு மாற்றத்தில் நாளும் மாதமும் இடம் மாறிப் போய், ஏப்ரல் பன்னிரண்டில் பிறந்தவர்கள் டிசம்பர் நான்கில் பிறந்தவர்களாகி, அதைச் சரி செய்வதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவள் ஆதலால், இந்த முறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அறுநூற்றுப் பதினான்கு வரிகள். பழைய அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் முழுக்க ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டாள். நாள் சரி, மாதம் சரி, வருடமும் அட்டையில் இருந்த அதே இரண்டு எண். ஷீட்டிலும் அந்த இரண்டு எண்தான் தெரிந்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஷீட் எதை நினைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அப்புறம் வயதைக் கணக்கிட ஒரு ஃபார்முலா போட்டாள். எழுபத்தைந்துக்கு மேல் இருப்பவர்களை மட்டும் காட்டு என்று ஃபில்டர் வைத்தாள். பிரிண்ட் கொடுத்தாள். மெஷின் பட்டியலைத் துப்பியது. இரண்டு நாள் குனிந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டு ஒரு வாரம் திரும்ப முடியவில்லை.

முதல் திங்கட்கிழமை எட்டு நர்சுகளும் பட்டியலை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொருத்தியின் தாளிலும் இரண்டு மூன்று பெயர்கள் குறைந்திருந்தன. மழைக்காலத்தில் வயதானவர்கள் கொஞ்சம் அதிகமாகப் போவது வழக்கம்தான். சாவுச் செய்தி வீட்டிலிருந்தும் வரும், ஆஸ்பத்திரியிலிருந்தும் வரும், தலைமை அலுவலகத்திலிருந்தும் வரும்; எது எப்போது வந்தது என்று யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. ஒருத்தி மட்டும் படியிறங்கும்போது, இந்த மாசம் ரொம்பப் பேரு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மற்றவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மின்னல் மட்டும் கவுன்ட்டருக்கு வந்தாள். மின்னல் என்பது நர்சுகளிலேயே மூத்தவளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள், மூட்டு தேய்ந்து அசைந்து அசைந்து நடப்பாள், அதனால் மின்னல். அவளுக்கு ஒரு டெய்லர் உண்டு. மாடி வீட்டில் தனியாக இருக்கும் தொண்ணூற்றேழு வயதுக்காரர். இடது கணுக்காலுக்கு மேல் ஆறாத புண். ஆறு வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் போய் அதைக் கழுவிக் கட்டுக் கட்டி வந்தவள் அவள்தான்.

"அக்கா, டெய்லர் பேரு இல்லையே" என்றாள்.

சட்டத்தை மீறிக் கேட்டது அவளுக்கே தெரியும். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். பட்டியல் அக்கா அப்போது பிரிண்டரில் சிக்கிய தாளைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து வலி. நிமிராமலே பதில் சொன்னாள்.

"இல்லன்னா இல்லதான். எங்கிட்ட கேட்டா நான் என்ன பண்றது."

மின்னல் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு போய்விட்டாள். அன்றைக்கு அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஷீட்டைத் திறந்து அந்தப் பெயரைத் தேடிப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும்.

மூன்று வாரம் ஓடிப் போனது. வேலை கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்ததில் எல்லோருக்கும் ஒரு சின்ன நிம்மதிகூட. நர்சுகள் நான்கு மணிக்கெல்லாம் ஆபீஸ் திரும்பினார்கள். புது ஷீட் வந்ததும் நர்சுகளின் ரவுண்டு எப்படிச் சீராகிவிட்டது பாருங்கள் என்று மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் எழுதினார். பாராட்டு வரும்போலத் தெரிந்தது. புகார் ஒன்றுகூட வரவில்லை.

நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. இந்த வருடம் நூறு வயதை எட்டுகிறவர்களுக்குச் சேர்மன் கையெழுத்துப் போட்ட வாழ்த்துக் கடிதம் அனுப்பப் போகிறார்களாம், பெயர்கள் வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து கேட்டிருந்தார்கள். பட்டியல் அக்கா வயதுவாரியாக, பெரியது மேலே வரும்படி அடுக்கினாள். முதல் வரியில் தொண்ணூற்றைந்து என்று வந்தது.

அதற்கு மேல் ஆளே இல்லை. மேனேஜர் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"நூறு வயசுக்காரங்க ஒருத்தர்கூட இல்லையா? நம்ம சேவையோட லட்சணம் அவ்ளோதானா?" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. போன வருடம் நான்கு பேருக்கு அதே கடிதம் போனது. அதில் ஒரு அம்மாளின் போட்டோ நோட்டீஸ் போர்டில் இன்னும் இருக்கிறது. தொண்ணூற்றைந்தோடு கத்தியால் வெட்டின மாதிரி எப்படி நிற்கும்? எல்லோருமா போய்விட்டார்கள்? ஃபில்டரை எடுத்துவிட்டு ஷீட்டின் அடிவரைக்கும் போனாள்.

அங்கே இருந்தார்கள். இருபத்து மூன்று பேர். ஒருவருக்கு வயது ஒன்று. இன்னொருவருக்குப் பூஜ்யம். மற்றவர்களுக்கு மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு, மைனஸ் மூன்று, மைனஸ் நான்கு. அவர்களில் ஒருவரின் பிறந்த தேதியை அமுக்கிப் பார்த்தாள். மேலே உள்ள நீளக் கட்டத்தில் முழுத் தேதியும் வந்தது: பன்னிரண்டு, நான்கு, இரண்டாயிரத்து இருபத்தெட்டு.

அப்போதுதான் புரிந்தது. வருடத்தில் இரண்டு எண் மட்டும் கொடுத்தால், முப்பதும் அதற்கு மேலும் போன நூற்றாண்டு, இருபத்தொன்பதும் அதற்குக் கீழும் இந்த நூற்றாண்டு என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் அந்த ஷீட்டுக்கு இருந்திருக்கிறது. எவனோ எங்கேயோ உட்கார்ந்து போட்ட கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அந்தப் பக்கம் இருந்தவர்கள், இருப்பதிலேயே மிக வயதானவர்கள், ஆளின் துணை மிகவும் தேவைப்பட்டவர்கள், இன்னும் பிறக்காதவர்கள் ஆகிவிட்டார்கள். ஃபில்டர் அவர்களை ஒதுக்கிவிட்டது. நர்சுகள் அவர்களைச் செத்தவர்களாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கோ ஃபோன் செய்து கத்துகிற வயதும் இல்லை, தெம்பும் இல்லை. புகார் வராததற்கு அதுதான் காரணம்.

பட்டியல் அக்கா அந்த இருபத்து மூன்று பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். அந்த மைனஸ் மூன்றுகளுக்கு நடுவில் டெய்லர் பெயரைப் பார்த்தாள். தான் சொன்னது அவளுக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

காரணம் சொல்லப் புகுந்தால் காரணங்களுக்கா பஞ்சம்? பதினைந்து நாள் அவகாசம், சின்னக் கட்டம், கழுத்து வலி, எவனோ போட்ட கோடு. எல்லாம் உண்மைதான். ஆனால் ஒருத்தி வந்து வாய்விட்டுக் கேட்டாள், இவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதற்கு எந்த ஷீட்டையும் குற்றம் சொல்ல முடியாது.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. பாராட்டுக் கடிதம் அவர் கண் முன்னால் வந்திருக்க வேண்டும். முதலில் தலைமை அலுவலகத்துக்கு இதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று யோசிக்கலாம், சிஸ்டத்தில் ஒரு சின்னக் கோளாறு என்று ஆரம்பிக்கலாம் என்றார். பூசி மெழுகுவதில் அவர் கெட்டிக்காரர். அவள் இருபத்து மூன்று ஃபோன் நம்பர்களையும் இரண்டு பிரதி பிரிண்ட் எடுத்து, ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு என்ன சொல்வது என்று யோசிக்கலாம் என்றாள். மனிதர் தாளைப் பார்த்தார். அப்படியே அவள் நாற்காலியில் உட்கார்ந்து முதல் நம்பரைச் சுழற்ற ஆரம்பித்தார். அந்த மட்டுக்கும் நல்லவர்தான்.

பஞ்சு தீர்ந்துபோனதால் மின்னல் ரவுண்டுக்கு நடுவில் திரும்பி வந்து, பின்னறையில் பையில் பஞ்சும் துணிச் சுருளும் அடுக்கிக்கொண்டிருந்தாள். பட்டியல் அக்கா வாசலில் போய் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"மின்னலு, டெய்லர் சாகல."

மின்னல் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் அவரை எடுத்துட்டேன். தெரியாம. வருஷத்த ஷீட் தப்பா எடுத்துக்கிச்சு. நீ கேட்டப்பவே பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல."

அவள் திட்டுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். திட்டினால் கொஞ்சம் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. மின்னல் கையிலிருந்த துணிச் சுருளைப் பையில் வைத்தாள், இன்னும் மூன்று சுருள் எடுத்து வைத்தாள், புண் கழுவும் மருந்தில் பெரிய பாட்டிலை எடுத்து வைத்தாள். மூன்று வாரமாகப் போடாமல் விட்ட கட்டுகளை எண்ணுகிறாள் என்று அக்காவுக்குப் புரிந்தது. மின்னல் "வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

வாடகைக் கார் ஒன்றைப் பிடித்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது, சாலை முழுக்க வண்டிகள். அரை மணி நேரப் பயணம் என்றார் டிரைவர். போகும் வழியிலேயே டெய்லருக்கு ஃபோன் போடலாமே என்றாள் அக்கா. மின்னல் தன் ஃபோனை எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"நம்பர் இல்லக்கா. அழிச்சுட்டேன்."

"ஏன்?"

"பேரு பட்டியல்லேருந்து போனா நானும் நம்பர அழிச்சுடுவேன். இல்லன்னா வேற யாரையோ தேடும்போது அந்தப் பேரு வந்து நிக்கும். தாங்க முடியாது."

அக்கா தன்னிடமிருந்த தாளைப் பார்த்து டெய்லரின் நம்பரை வாசித்தாள். மின்னல் ஒவ்வொரு எண்ணாக அமுக்கினாள். கடைசி எண்ணை அமுக்குவதற்குள், ஃபோனே அந்த நம்பரை அடையாளம் கண்டு, பழைய அழைப்புகளைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தியது. பெயரில்லாத நம்பர். ஐந்து அழைப்புகள். முதல் வாரம் செவ்வாய்க்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று, வெள்ளிக்கிழமை இரண்டு, சனிக்கிழமை ஒன்று. ஐந்தையும் எடுக்காமல் துண்டித்திருந்தாள். பெயரில்லாத நம்பர் என்றால் ஏதோ விளம்பரம், எதையாவது தலையில் கட்டப் பார்ப்பார்கள் என்று அவள் எடுப்பதேயில்லை. சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு அழைப்பும் இல்லை.

இப்போது அவள் கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப் என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி கூப்பிட்டாள். அதே குரல். மின்னல் ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே பார்த்தாள். பட்டியல் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தாள். பிடிக்க உரிமையில்லை என்று தோன்றியது, அதனால் தாளை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், பிரித்தாள்.

கார் டெய்லரின் தெருவுக்குள் திரும்பும்போது மேனேஜர் ஃபோனில் வந்தார். மற்ற இருபத்திரண்டு பேரில் இருபத்தொரு பேர் இருக்கிறார்கள் என்றார். இரண்டு பேரை இதற்குள் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்திருக்கிறார்கள், மற்றவர்கள் வீட்டிலேயே சமாளித்திருக்கிறார்கள், நர்சுகளையெல்லாம் அந்த வீடுகளுக்கு அனுப்பியாகிவிட்டது. ஒரு அம்மாள் மட்டும் போய் ஒன்பது நாள் ஆகிறது. நோட்டீஸ் போர்டில் போட்டோ இருக்கிறதே, அந்த அம்மாள்தான்.

"என்ன சொன்னாங்க வீட்ல?" என்று கேட்டாள் அக்கா.

மகள் பேசினாள் என்றார். கோபமாகப் பேசவில்லையாம். "நீங்க வந்திருந்தாலும் போயிருப்பாங்கதான், வயசு அப்படி. ஆனா நர்ஸ் வர்ற நாள்னா காலையிலயே தலை வாரிவிடச் சொல்லுவாங்க. கடைசி வரைக்கும் வாரிவிட்டோம்." அவ்வளவுதான் சொன்னாளாம். ஃபோனை வைத்துவிட்டார்.

இனி இந்த ஒரு வீடு மட்டும்தான் பாக்கி.

கீழே பூட்டிக் கிடந்த ஒரு கடை, பக்கவாட்டில் இரும்புப் படி. மின்னல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். அக்கா பையை வாங்கிக்கொண்டு பின்னால் ஏறினாள். பாதிப் படியிலேயே நாற்றம் வந்துவிட்டது. புண்ணின் நாற்றமா வேறு நாற்றமா என்று அக்காவுக்குத் தெரியாது, மின்னலிடம் கேட்க வாய் வரவில்லை. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. மின்னல் தட்டவில்லை, தள்ளினாள்.

ஜன்னலோரம் தையல் மெஷின். அதன் பக்கத்தில் நாற்காலியில் டெய்லர் உட்கார்ந்திருந்தார். ஒரு காலைத் தூக்கி முக்காலிமேல் வைத்திருந்தார். கணுக்காலைச் சுற்றி வெள்ளைத் துணி. பழைய சட்டையை நீளநீளமாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, அவராகவே செய்துகொண்ட கட்டு. அதே மாதிரி இன்னும் பத்துப் பன்னிரண்டு சுருள்கள் மெஷின் பலகையில் வரிசையாக இருந்தன. கட்டுக்குக் கீழே பாதம் வீங்கிக் கறுத்திருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். கண் மட்டும் திறந்திருந்தது, அது மின்னலையே பார்த்தது.

"நீ உயிரோடயா இருக்க?" என்றார்.

மின்னல் அவர் பக்கத்தில் போய் நின்றாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

"அஞ்சு தடவ கூப்பிட்டேன். நீ எடுக்காம இருக்க மாட்டியே. ஆறு வருஷத்துல ஒரு தடவகூட எடுக்காம இருந்ததில்ல. சரி, இவளும் போயிட்டா போலன்னு நெனச்சுக்கிட்டேன். உனக்கு முட்டி வேற சரியில்ல, எங்கயாவது ரோட்ல விழுந்திருப்பன்னு நெனச்சேன்."

மூச்சு வாங்க நிறுத்தினார்.

"ஆபீசுக்குக் கேட்டிருக்கலாம்ல, ஐயா" என்றாள் பட்டியல் அக்கா.

அப்போதுதான் அவர் இவளைப் பார்த்தார். யாரோ ஆபீஸ் ஆள் என்று புரிந்துகொண்டார்.

"என்னன்னு கேக்கறது? செத்தாளா இருக்காளான்னா? ஆமா செத்துட்டான்னு சொல்லிட்டா நான் இந்த ஜன்னலோரம் உக்காந்து என்ன பண்றது? கேக்காம இருந்தா ஒரு வேள இருப்பான்னு நெனச்சுக்கலாம்ல."

மின்னல் தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரிக்க ஆரம்பித்திருந்தாள். பிரித்ததும் அவள் முகம் மாறியதை அக்கா பார்த்தாள். கழுவினாள், ஒன்றும் பேசாமல் நிதானமாகக் கழுவினாள். புண் உள்ளே போயிருக்கிறது, இங்கே வைத்துப் பார்க்கிற கட்டம் தாண்டிவிட்டது, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொன்னாள். காலைக் காப்பாற்ற முடியுமா என்று அவர் கேட்டார். தெரியாது, பாதம் போகலாம் என்றாள். அவரிடம் அவள் எப்போதும் பொய் சொன்னதில்லை போலும். கீழே நின்ற டிரைவரை அக்கா ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, போய்விடாமல் காத்திருக்கச் சொன்னாள்.

தான் செய்ததைச் சொல்லாமல் இறங்கிப் போய்விடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தப் படியை இறங்கினால் வாழ்நாள் முழுக்க இறங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. டெய்லர் முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, பட்டியல் போடறது நான்தான். நீங்க இருபத்தெட்டுல பொறந்தவரு. மெஷின் அத இனிமே வரப்போற இருபத்தெட்டுன்னு எடுத்துக்கிச்சு. நான் கவனிக்கல. உங்க பேரு விழுந்துபோச்சு. எங்க ஆபீஸ்ல பேரு இல்லன்னா ஆளு இல்லன்னு அர்த்தம். இவ வந்து எங்கிட்ட கேட்டா. நான் ஷீட்டத் திறந்துகூடப் பாக்காம, இல்லன்னா இல்லதான்னு சொல்லிட்டேன். அத நம்பி உங்க நம்பரையும் அழிச்சுட்டா, அதான் நீங்க கூப்பிட்டப்ப எடுக்கல. அவ மேல ஒரு தப்பும் இல்ல."

டெய்லர் கேட்டுக்கொண்டார். வரப்போற இருபத்தெட்டு என்பது அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. காலுக்குக் கீழே குனிந்திருந்த மின்னலின் தலையைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார்.

"அப்ப எங்க ரெண்டு பேரையும் சாகடிச்சது நீங்கதானா?"

"ஆமாங்கய்யா."

திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. மின்னல் புதுக் கட்டை இறுக்கிக் கட்டி முடித்தாள். அக்காவுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அவர் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். ஒன்றும் சொல்லாமல் இருப்பதைத்தான் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

மின்னல் அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். அவர் கொஞ்சம் பொறு என்று கை காட்டிவிட்டு, மெஷின் டிராயரைத் திறந்து, பொத்தான்களுக்கு நடுவிலிருந்து தன் ஃபோனை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"இதக் கொஞ்சம் சார்ஜ்ல போடுங்க. வயர் அந்த மூலைல இருக்கு. கூப்பிட ஆளே இல்லன்னு நான் போடறதையே விட்டுட்டேன்."

அவள் வாங்கிக்கொண்டாள். மூலையில் மண்டியிட்டு, தூசி படிந்த வயரைத் தேடி எடுத்து, ஃபோனில் செருகி ஸ்விட்சைப் போட்டாள். முதலில் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் சின்னதாக ஒரு வெளிச்சம் வந்தது. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

"நம்பர மறுபடி எழுதிக்க" என்று பின்னாலிருந்து டெய்லர் மின்னலிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.